கொட்டில் போட முதல்

தம்பி, நீங்கள் கேட்டது இவ்வளவும்தான்: யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அப்பாவின் 3 பரப்பு (8,160 சதுர அடி) தோட்டம், வெங்காயமும் மிளகாயும் கொஞ்சம் கத்தரியும். மண்வெட்டி, மருந்தடிக்கிற மிஷின், உரப்பை எல்லாம் வீட்டு விறாந்தையில் கிடக்கிறது, அம்மா ஒவ்வொரு நாளும் பேசுகிறா. கிணற்றடியிலேயே 12க்கு 10 அடியில், நாலு பக்கமும் தகரம் அடைத்து ஒரு கொட்டில் போட்டால் என்ன? கூரைக்கு ஓலையா, ஓடா, தகரமா? என்னென்ன சாமான் எவ்வளவு வேண்டும்?

அந்த மாதிரிப் போடாதீர்கள். கொட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பக்கமும் அடைத்த தகரப் பெட்டியும் வேண்டாம், அதைக் கிணற்றடியில் வைப்பதும் வேண்டாம்.

நான் மேசனும் இல்லை, ஓடாவியாரும் இல்லை. தோட்டம் செய்கிறவன். இதுவரைக்கும் மூன்று கொட்டில் போட்டிருக்கிறேன். முதலாவது கறையானுக்குப் போனது, இரண்டாவது காற்றுக்குப் போனது, மூன்றாவது நிற்கிறது. கீழே சொல்வதில் பாதி அந்த இரண்டும் சொல்லித் தந்தது.

முதலில் உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் அது தானாகவே இரண்டு பக்கமாகப் பிரியும். பூட்டி வைக்க வேண்டியவை ஒரு பக்கம்: பூச்சிமருந்துப் போத்தல்கள், உரம், மிஷின், அலவாங்கு, மண்வெட்டி, உளவாரம், வயர்ச் சுருள். காற்றுப்பட இருக்க வேண்டியவை மறுபக்கம்: வெங்காயப் பிடிகள், விதை, கடகம், சாக்கு, காயப்போட்ட மிளகாய். இந்த இரண்டையும் ஒரே அறைக்குள் விட்டால் இரண்டும் கெடும். வெங்காயம் உரத்தின் ஈரத்தைக் குடிக்கும், மருந்தின் மணம் மிளகாயில் ஏறும்.

என் இரண்டாவது கொட்டில் நீங்கள் நினைக்கிற அதே தகரப் பெட்டிதான். பங்குனியில் எடுத்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி அதற்குள் தூக்கிவிட்டுக் கதவையும் பூட்டிவிட்டேன். கள்ளன் பயம். சித்திரையில் ஒரு மத்தியானம் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த வெக்கை முகத்தில் அடித்தது. நடுவில் தொங்கின பிடியை அமத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போனது. தோலுக்குக் கீழே கறுப்பு மா மாதிரிப் பூஞ்சணம். வெளிப் பிடிகள் தப்பின, நடுப் பிடிகள் முழுக்கப் பழுது. விதைக்கு என்று ஒதுக்கின வேதாளன் இன வெங்காயமும் அதற்குள்தான் இருந்தது. கள்ளன் வந்திருந்தால்கூட அவ்வளவு கொண்டுபோயிருக்க மாட்டான்.

ஆகவே ஒரே கூரை, கீழே இரண்டு பகுதி. நீளம் 16 அடி, அகலம் 10 அடி. ஒரு அந்தத்தில் 6 அடியைச் சுவர் வைத்துப் பூட்டுகிற அறையாக்குங்கள். மிச்சம் 10க்கு 10 அடி, சுவரில்லாமல் கூரை மட்டும் உள்ள திறந்த பத்தி. பத்தியைச் சுற்றி இடுப்பளவுக்குப் பனைமட்டை வரிச்சுக் கட்டி, அதற்கு மேலே கம்பிவலை. படங்களில் காண்கிற வெளிநாட்டு மரப்பலகைக் கொட்டில் அழகுதான். ஆனால் அது குளிருக்கும் பனிக்கும் அடைத்துக் கட்டினது. நமக்கு அடைக்க வேண்டியது மாரி மழை ஒன்றுதான். மற்ற ஒன்பது மாதமும் காற்று உள்ளே வந்து போக வேண்டும்.

இனி இடம். கிணற்றடி என்று எல்லோருக்கும் தோன்றும், தண்ணி மிஷின் அங்கேதானே இருக்கிறது என்று. மோட்டருக்கு மட்டும் தலைக்கு மேலே ஒரு சின்னச் சாய்ப்பு இறக்கிவிடுங்கள், போதும். உரமும் மருந்தும் அங்கே போகக் கூடாது. நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் துளையும் நிறைய. மேலே சிந்தினது மண்ணில் தங்கி வடிகட்டப்படும் என்று நம்ப முடியாது, மழையோடு நேரே கீழே இறங்கும். நம் பகுதியான வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடி நிற்பதற்கு நாம் வருடக் கணக்காகக் கொட்டின உரம் ஒரு பெரிய காரணம். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணியில் அது மீறக் கூடாது.

மருந்துக் களஞ்சியம் கிணற்றிலிருந்து 100 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்லும். 3 பரப்பு என்றால் 8,160 சதுர அடி, சதுரமான காணியென்றால் பக்கத்துக்கு 90 அடி. வேலியோடு நேரே 100 அடி தள்ளினால் அடுத்த வீட்டுக் குசினிக்குள் போய்விடுவீர்கள். ஆகவே கிணற்றுக்கு எதிர் மூலையைப் பிடியுங்கள். அப்போதும் தூரம் குறைந்தால் அதைத் தரையில் ஈடு செய்யலாம். பூட்டுகிற அறைக்கு மட்டும் சீமெந்துத் தரை போட்டு, வாசற்படி உட்பட நாலு விளிம்பிலும் 2 அங்குலம் உயர்த்தி வரம்பு கட்டுங்கள். போத்தல் உடைந்தாலும் அந்தத் தட்டுக்குள்ளேயே நிற்கும், மண்ணையோ மரத்தூளையோ போட்டு அள்ளிவிடலாம்.

மூலை என்றதும் வேலியோடு ஒட்டிவிடாதீர்கள். கூரைத் தண்ணி பக்கத்துக் காணிக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வேலிச் சண்டைக்குக் கோட்டுப்படி ஏறின ஊர் நம்முடையது. கூரை விளிம்பிலிருந்து வேலிக்கு 3 அடியாவது விடுங்கள், வேலிக் கதியால் வெட்டவும் ஆள் போய்வர வேண்டும். தென்னைக்குக் கீழேயும் வேண்டாம். நிரந்தரச் சுவர் வைப்பதால் தொடங்க முதல் பிரதேச சபையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் பார்க்க வைப்பது? மழை வாடையோடு வடகிழக்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் சாரலடிப்பது அந்தப் பக்கம்தான். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் சோளகம், தென்மேற்கிலிருந்து புழுதியோடு. ஆகவே நீளப் பக்கத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டு, பூட்டுகிற அறை கிழக்கு அந்தத்தில் வரட்டும். கூரையின் பதிந்த பக்கம் வடக்கே, உயர்ந்த பக்கம் தெற்கே. வாடை மழை பதிந்த முதுகில் வழுக்கிப் போகும், கிழக்குச் சுவர் சாரலைத் தாங்கும், சோளகம் பத்திக்குள் புகுந்து வெங்காயத்தைக் காயவைக்கும். மேற்கு வெயிலுக்கு ஒரு ஓலைத் தட்டி கட்டிவிட்டால் சரி. வெயில் தாழ்ந்த பிறகு அவிழ்த்துச் சுருட்டலாம்.

உயரத்தையும் யோசியுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கு என் முதல் கொட்டிலுக்குள் ஒரு சாண் தண்ணி நின்றது. தரையில் அடுக்கியிருந்த யூரியா இரண்டு பை, பைக்கு 50 கிலோ, காலையில் போய்ப் பார்த்தால் சாக்கு மட்டும் படுத்துக் கிடக்கிறது. அறைத் தரை சுற்று நிலத்தைவிட 1 அடி உயர வேண்டும், அதற்கு மேலே பலகைத் தட்டு, அதற்கு மேலே பை. சுவரிலிருந்து ஒரு கை தள்ளியே அடுக்குங்கள்.

அத்திவாரமும் கூரையைத் தாங்குகிற கப்பும்தான் இந்த வேலையில் உயிர். அதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பனங்கப்பை நேரே மண்ணுக்குள் நட்டுவிடுகிறது நம் வழமை. என் முதல் கொட்டில் அப்படித்தான் போனது. வெளியில் பார்த்தால் கறுகறுவென்று நல்ல வைரம், ஆனால் அந்த வளையத்துக்குள்ளே இருக்கிற மெதுவான சோற்றியைக் கறையான் கீழேயிருந்து தின்றுகொண்டு ஏறும். சண்டைக் காலத்தில் பங்கருக்கு மேலே அடுக்கின பனங்குற்றிகளைப் பிறகு கிண்டி எடுத்தபோது பார்த்திருப்பீர்கள், வைரப் பகுதி அப்படியே இருக்கும், உள்ளே குழாய். ஊரில் எல்லோரும் கழிவு ஒயில் பூசச் சொல்லுவார்கள். நான் பூசுவதில்லை. கறையானுக்குப் பயந்து கிணற்றுக்கு ஒயில் விடுவதா?

செய்ய வேண்டியது இது. எட்டுக் குழி, இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு. நீளப் பக்கத்தில் 0, 6, 11, 16 அடிகளில். ஒவ்வொரு குழியும் ஒன்றரை அடிச் சதுரம், 2 அடி ஆழம். கொங்கிறீட் போட்டு நிலத்துக்கு மேலேயும் 1 அடிக்கு ஒரு குத்தி எழுப்பி, ஈரமாக இருக்கும்போதே இரண்டு இரும்புப் பட்டைகளை எதிரெதிராக இறக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகு கப்பை அந்தப் பட்டைகளுக்கு நடுவில் நிறுத்தி, துளைத்துப் போல்ட் போட்டு இறுக்குங்கள். கப்பின் அடி மண்ணைத் தொடாது. கறையான் ஏறினாலும் குத்தியின் வெள்ளையில் அதன் மண்வரி கண்ணுக்குத் தெரியும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். மண்ணுக்குள் நடாத கப்பு பக்கவாட்டில் ஆடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு கப்பிலும், கப்புகளின் தலையில் படுக்கிற வளைக்குச் சாய்வாக ஒரு குறுக்கு முட்டுக் கொடுங்கள். கிழக்கு அந்தத்துச் சுவரும் பிடித்துக்கொள்ளும்.

கோப்பாய் செம்மண் ஒரு இடத்தில் 4 அடி போகும், பத்தடி தள்ளினால் 1 அடியில் அலவாங்கு டங் என்னும். கல் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று மேசன் அதற்கு மேலேயே கொங்கிறீட்டை ஊற்றப் பார்ப்பார். விடாதீர்கள். கீழே இறங்காமல் தாங்கக் கல் போதும். மேலே கிளம்பாமல் பிடிக்க அது போதாது. கல்லில் துளை போட்டு இரும்புக் கம்பி இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

மேலே கிளம்புவது என்றால் என்ன என்று ஒரு கணக்கு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற காற்று ஒரு சதுர மீற்றரை ஏறத்தாழ 47 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். நம் கூரை, வெளியே நீட்டினதும் சேர்த்து, 24 சதுர மீற்றர் வரும். அப்போது 1 தொன்னுக்கு மேலே. பக்கம் திறந்த கொட்டிலென்றால் அந்த இழுவை மேல்நோக்கித்தான். தகரத்தின் மொத்தப் பாரமோ 120 கிலோ அளவில்தான். அதை நிலத்தோடு பிடித்து வைப்பது கீழேயுள்ள கொங்கிறீட். நான் சொன்ன அளவில் ஒரு குழிக்கு 300 கிலோ, எட்டுக்கும் சேர்த்து 2.4 தொன். என் இரண்டாவது கொட்டிலில் எல்லாம் இருந்தது, வளையைக் கப்போடு கட்டின கட்டு மட்டும் வெறும் ஆணி. வேலை செய்தவர் போதும் என்றார், நானும் ஓம் என்றேன். ஒரு மார்கழிக் காற்றுக்குக் கூரை வளையோடு சேர்ந்து எழும்பி மூன்று வரம்பு தாண்டி மிளகாய்ப் பாத்தியில் கவிழ்ந்து கிடந்தது. ஆணியெல்லாம் வளையிலேயே நேராக நின்றன, ஒன்றுகூட வளையவில்லை. சும்மா உருவிக்கொண்டு போயிருக்கிறது. கப்போடு வளைக்குப் போல்ட், வளையோடு அதற்கு மேலே வருகிற கூரைச் சட்டமான சிலாகைக்கு இரும்புப் பட்டை அல்லது முறுக்கின கம்பி. தகரச் சீற்றுக்கு ரப்பர் வாசர் போட்ட ஸ்குரூ, மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். விளிம்பிலும் மூலையிலும் ஸ்குரூவை நெருக்கிப் போடுங்கள், காற்று முதலில் பிடுங்குவது அங்கேதான்.

மரத்துக்குப் புதிதாகப் பனை தறிக்கப் போகாதீர்கள். சொந்த வளவுப் பனையென்றாலும் பிரதேச செயலகத்து அனுமதி வேண்டும், அதோடு தறித்த மரத்தை அரிந்து காயவிட நாள் எடுக்கும். பழைய வீடு கழற்றின வளையும் சிலாகையும் மரக்காலைகளில் கிடைக்கும். ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம் இனி முறுக்காது. அந்தத்தை ஆணியால் குத்திப் பாருங்கள், ஆணி இறங்கினால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். பனை சரிவராவிட்டால் 2 அங்குல ஜீஐ பைப், நாகம் பூசின இரும்பு.

கூரை. ஓலைதான் குளிர்மை, அதில் கேள்வியில்லை. நன்றாக மிதித்து அடுக்கின பனையோலை இரண்டு மூன்று மாரி தாங்கும், தென்னோலைக் கிடுகு அதற்கும் குறைவு. ஆனால் வேய்கிற ஆட்கள் குறைந்துபோய்விட்டார்கள், அப்பாவுக்கும் வயது போகிறது. அவர் ஒவ்வொரு ஆவணியும் ஆள் தேடித் திரிய வேண்டுமா? ஓலைக்குச் சாய்வும் நிறைய வேண்டும், 45 பாகைக்குக் கிட்ட, இல்லாவிட்டால் தண்ணி நின்று உக்கும். ஓடு நல்லது, ஆனால் ஒன்று இரண்டரை, மூன்று கிலோ பாரம், அதற்கேற்ற மரம் போட்டால் கொட்டிலின் செலவு வீட்டுக்குக் கிட்டப் போய்விடும். அஸ்பெஸ்ரஸ் சீற்றைத் தொடாதீர்கள். எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கிற தூள்தான் ஆபத்து.

ஆக மிஞ்சுவது தகரம். 0.47 மில்லிமீற்றர் சீற்று எடுங்கள். மலிவாகக் கிடைக்கிற மெல்லிசு, ஆள் ஏறி மிதித்தால் பள்ளம் விழும், உப்புக் காற்றுக்கு வெட்டு விளிம்பிலிருந்து துரு ஓடும். சாய்வு அடிக்கு 2 அங்குலம், அப்படியென்றால் தெற்குப் பக்கம் வடக்கைவிட 20 அங்குலம் உயரம். தெற்கே 2 அடி, மற்றப் பக்கங்களில் ஒன்றரை அடி வெளியே நீட்டினால் சீற்றின் நீளம் 14 அடி வரும், அந்த நீளத்துக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள், நடுவில் பொருத்து வேண்டாம். எத்தனை சீற்று என்று கணக்குப் பார்க்கும்போது சீற்றின் முழு அகலத்தால் பிரிக்காதீர்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற பகுதி போக மூடுகிற அகலத்தால் 19 அடியைப் பிரியுங்கள்.

சூட்டுக்கு என்ன செய்வது? சிலர் தகரத்துக்கு மேலே ஓலையைப் பரப்புவார்கள். சூடு குறையும், ஆனால் மாரியில் ஈர ஓலை தகரத்தோடு ஒட்டிக் கிடந்து அதைத் தின்னும். கீழே கட்டுங்கள். தகரத்துக்கு ஒரு சாண் இறக்கி ஓலைத் தட்டி, இடையில் காற்று ஓட வழி. அது மழையில் நனையாததால் பல வருடம் கிடக்கும். பத்திக்கு மட்டும் போதும்.

அறைச் சுவருக்கு 4 அங்குலச் சீமெந்துக்கல் போதும். சாந்தும் சேர்த்து முகம் 16க்கு 8 அங்குலம் வருகிற கல்லென்றால் 100 சதுர அடிக்கு 112 கல்லுக்குக் கொஞ்சம் மேல். சுற்று 32 அடி, உயரம் 7 அடி, கதவைக் கழித்தால் 195 சதுர அடி. உடைவும் சேர்த்து 230 கல் சொல்லுங்கள். வீட்டு முற்றத்திலேயே கல் அரிவித்தால் மலிவு, ஆனால் இரண்டு கிழமை தண்ணி ஊற்றி ஈரம் காக்க ஆள் வேண்டும். சுவரை 7 அடியில் மட்டமாக நிறுத்திவிடுங்கள், அதற்கு மேலே கூரை வரைக்கும் கம்பிவலை. மருந்து மணம் வெளியேற வேறு யன்னல் தேவையில்லை.

கதவு நாலரை அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இன்றைக்குத் தள்ளுவண்டில், நாளைக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மிஷின் வாங்கினால் நுழைய வேண்டுமே. ஆமைப்பூட்டு ஒன்று, அறைக்குள்ளே மருந்துக்கென்று இன்னொரு பெட்டி, அதற்கும் பூட்டு. இந்த இரண்டாவது பூட்டு கள்ளனுக்கு இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்துபோவார்கள், பெரியவர்களுக்கும் மனம் சரியில்லாத ஒரு பொழுது வரலாம். திறப்பு அப்பாவின் கையில் இருக்கட்டும். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்பாட்டுங்கள். மண்ணெண்ணெய்க் கானை உரத்தோடு வைக்காதீர்கள்.

வெங்காயத்துக்குக் குறுக்கே மூன்று பைப் போட்டுப் பிடிகளைத் தூக்கிவிடலாம், பிடிக்கும் பிடிக்கும் நடுவே கை நுழைகிற இடம் விட்டு. எலி பைப்பில் நடந்து வரும். பால்மா ரின்னின் மூடியை நடுவில் துளைத்துப் பைப்பின் இரண்டு அந்தத்திலும் கோர்த்து விட்டிருக்கிறேன். எலி அதில் கால் வைத்தால் மூடி சுழலும், ஆள் கீழே. முதல் இரவு அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பேரன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வடக்கு விளிம்பில் கூரைத் தண்ணியை ஏந்துகிற ஒரு பீலி கட்டாயம் போடுங்கள். நம் ஊரில் வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் அளவில் மழை, இந்தக் கூரையில் விழுவது மட்டும் 28,000 லீற்றருக்கு மேல். 1,000 லீற்றர் தாங்கி ஒன்றை நிரப்பி வைத்தால் மருந்து கலக்க நல்ல தண்ணி. கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பு கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதுதான் மருந்தடிக்கிற மிஷினின் வாயையும் அடைக்கிறது. தாங்கி நிரம்பி வழிகிறதைக் கொட்டிலிலிருந்து பத்தடி தள்ளி ஒரு கிடங்குக்கு விடுங்கள், நிலத்துக்குள் இறங்கட்டும். உரம் வைக்கிற அறையைக் கழுவுகிற தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

காலம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குழியும் கொங்கிறீட்டும் சித்திரையில் முடியட்டும். சோளகம் முறுக்கி நிற்கிற ஆனி ஆடியில் 14 அடிச் சீற்றைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறவிடாதீர்கள், ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும். கூரை ஒன்றில் வைகாசிக்கு முன்னம், இல்லாவிட்டால் ஆவணிக் கடைசியில். தட்டிக்கு வேண்டிய ஓலையை மட்டும் இப்போதே யாரிடமாவது சொல்லி வையுங்கள். கோடையில் வெட்டி மிதித்து அடுக்கின ஓலையை ஆவணியில் போய்க் கேட்டால் எல்லாம் வேறு யாருடைய வேலிக்கோ போயிருக்கும்.